கனி அப்பாவின் ஸ்டிக்கர்

வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் இருபத்தெட்டுப் பேர். இரண்டு தடவை எண்ணிவிட்டேன், கைக்குழந்தைகளைச் சேர்க்கவில்லை. மேடையில் ஒரு குடும்பம் ஏறினால் இறங்குவதற்குள் ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. ஏறுகிறவர்கள் முதலில் போட்டோக்காரருக்காக நிற்கிறார்கள், பிறகு தங்கள் போனுக்காக நிற்கிறார்கள், பிறகு அதையே செல்பியாக எடுக்க மாப்பிள்ளையைக் குனியச் சொல்கிறார்கள். கனியும் குனிகிறான். ராஜகனி என்பது முழுப் பெயர், பத்திரிகையில் அப்படித்தான் போட்டிருக்கிறது, எங்களுக்குக் கனி. கோயம்புத்தூரில் நான்கு வருஷம் ஒரே விடுதி அறையில் என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் கிடந்தவன். அவன் கல்யாண வரவேற்பில் அவனிடம் போய் நிற்க எனக்குப் பயம். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் லோகு, அந்த அறை எண்ணையே பெயராக வைத்த எங்கள் நாலு பேர் '214' வாட்ஸப் குழுவில்: 'செம்ம க்யூ மச்சி'. லோகு எனக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறான். அவன் பிடரியில் வியர்வை வழிவதைப் பார்த்துக்கொண்டே அவன் அனுப்பிய செய்தியைப் படிக்கிறேன். அவனுக்கும் முன்னால் நிற்கிற சாதிக் அதற்குக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மூஞ்சியைப் போடுகிறான். அவனுடைய சொந்த மூஞ்சி பக்கவாட்டில் எனக்குத் தெரிகிறது, அதில் கடுகளவும் சிரிப்பில்லை. திரும்பி, 'கூட்டம் ஜாஸ்திடா பரணி' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயில் கொழுக்கட்டையா? நான் மட்டும் என்ன ஒழுங்கு. நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுத்தான் போனை உள்ளே வைத்தேன்.

இருபத்தெட்டு. இப்போது இருபத்தைந்து, மூன்று பேர் பந்தி போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவிட்டார்கள். எனக்கும் ஓடலாம் போலத்தான் இருக்கிறது. இத்தனை பேரும் தீர்ந்ததும் நான் கனியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். பார்த்தால் தெரிந்துவிடும், அவன் அதைப் பார்த்தானா இல்லையா என்று. பதினோரு மாதமாக அது தெரியாமல் இருக்கிறது. பார்த்திருந்தால் எனக்குக் கனி இல்லை, அவ்வளவுதான், இந்த மேடையோடு கைகுலுக்கி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். என்ன பெரிய விஷயம் என்று கேட்டால் ஒரு ஸ்டிக்கர். சொன்னால் சிரிப்பார்கள். இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் கனியின் அப்பா கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடித்து விடுதிக்கு வந்தார். எங்கள் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, அடுப்புக்குள் இருப்பது மாதிரி, மகன் தூக்கமில்லாமல் கிடக்கிறானே என்று டேபிள் ஃபேன் கொண்டு வந்தார். கடைசி வருஷம் வரை அதுதான் எங்கள் நாலு பேருக்கும் கடகடவென்று ஓடியது. கனிக்கு அன்று செய்முறைத் தேர்வு. நான்தான் கீழே போனேன். பார்வையாளர் அறையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, அப்படியொரு தூக்கம். ஒரு படம் எடுத்தேன். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, உங்கப்பா வந்திருக்கார்டா என்று கனிக்குச் சொல்லத்தான் எடுத்தேன். ஆனால் கனிக்கு மட்டும் அனுப்பாமல் குழுவில் போட்டேன். குழுவில் போட்டுவிட்டால் யார் அப்பாவாக இருந்தாலும் பொதுச் சொத்து. அரை மணி நேரத்தில் லோகு சுற்றியிருந்ததையெல்லாம் வெட்டி எறிந்து, முகமும் தோளும் மட்டும் வைத்து, கழுத்துக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் 'ஆள் காலி' என்று போட்டு ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். எங்களைவிடக் கனிதான் அதிகம் சிரித்தான். அரியர் விழுந்தால் ஆள் காலி. சாதிக்கை அந்தப் பெண் பிளாக் பண்ணினபோது ஆள் காலி. படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊர் போன பிறகு, தூங்கப் போகிறேன் என்பதற்குப் பதில் ஆள் காலி. அந்த மனுஷர் வருஷக்கணக்காக எங்கள் நாலு பேருக்கும் தினமும் குட் நைட் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரியாது.

போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதே குழுவில் கனி எழுதினான்: 'அப்பா தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். நாளைக்கு 11 மணிக்கு எடுக்கோம்.' நான் பெங்களூரில் ஆபீஸ் லிப்ட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். 'ஐயோ கனி' என்று அடித்தேன், அழித்தேன். 'எப்படிடா' என்று அடித்தேன், அது என்ன கேள்வி என்று அழித்தேன். அதற்குள் சாதிக் 'ஆர்ஐபி அங்கிள்' என்று போட்டுக் கும்பிடுகிற கையும் போட்டான். லோகுவும் அதையே போட்டான். நானும் போட்டேன். போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் தொந்தரவாக இருக்கும், சுற்றி ஆள் இருப்பார்கள், அழுதுகொண்டிருப்பான், அப்புறம் பண்ணலாம். எங்கள் கூட்டத்தில் போனைப் பேசுவதற்கு மட்டும் யாரும் எடுப்பதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தன் கூப்பிட்டால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். இங்கே நிஜமாகவே ஒருத்தர் செத்துப்போயிருந்தார், அப்போதும் நாங்கள் கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் ஏழு மணி, வேலை முடிந்து மண்டை வெடிக்கிறது, ஆபீஸ் சிநேகிதன் ஒருத்தன் 'முடிஞ்சுதா?' என்று கேட்டிருந்தான், பதில் போட விரலை வைத்தேன். என் விரலுக்கு என்னைக் கேட்டுப் பழக்கமில்லை. ஸ்டிக்கர் பெட்டியைத் திறந்தது, முதல் ஆளாக அவர்தான் இருப்பார், எப்போதும் அவர்தான், தட்டியது. மேலே பார்க்கிறேன், 214 என்று இருக்கிறது. மூன்று ஆர்ஐபிக்கும் கும்பிடுகிற கைகளுக்கும் கீழே வாயைத் திறந்து தூங்குகிறார், ஆள் காலி. எல்லோருக்கும் நீக்கு என்கிற பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்துவதற்குள் நாற்பது விநாடி. போனதா என்றால் போனது, போன இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு தழும்பை வைத்துவிட்டுப் போனது. யார் யார் படித்தார்கள் என்று பார்த்துவிட்டு அழித்திருக்கலாம். அழித்த பிறகு அதைப் பார்க்க வழியில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. சாதிக் தனியாக எழுதினான்: 'டேய் என்னடா பண்ணித் தொலைச்ச'. அவன் பார்த்திருக்கிறான் என்றால் கனியும் பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம், அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு எவன் வாட்ஸப் பார்ப்பான்? நான் பார்ப்பேன். நாங்கள் எல்லோருமே பார்ப்போம். ஸ்டிக்கரை அழித்தேன், அதை வெட்டியெடுத்த மூலப் படத்தைத் தேடி அழித்தேன், குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கிருந்தும் அழித்தேன். மறுநாள் எடுப்புக்குப் போகவில்லை. ஆபீஸில் புது சாப்ட்வேர் ரிலீஸ் என்று எழுதினேன். ரிலீஸ் இருந்தது உண்மைதான், அதனால் போகவில்லை என்பதுதான் பொய்.

பத்தொன்பது பேர். முன்னால் ஒரு அத்தை போனை நீட்டித் தன் மகளோடு வீடியோவில் பேசுகிறாள், மகள் துபாயோ எங்கேயோ, 'கூட்டம் தெரியுதா? சேலை தெரியுதா?' என்று மண்டபத்தையே சுற்றிக் காட்டுகிறாள், என் வியர்த்த மூஞ்சியும் துபாய் போய் வந்தது. பதினோரு மாதமாக நான் பார்த்த துப்பறியும் வேலையைச் சம்பளத்துக்குப் பார்த்திருந்தால் இந்நேரம் பெரிய ஆளாகியிருப்பேன். கனி கடைசியாக எப்போது வந்தான் என்கிற நேரத்தை மறைத்துவிட்டான். எனக்கு மட்டும் மறைத்தானா, எல்லோருக்குமா? லோகுவிடம் நைசாகக் கேட்டதில் எல்லோருக்கும்தான். நிம்மதி. நான் ஸ்டேட்டஸ் போட்டால் பார்க்கிறான், பார்த்தவர் பட்டியலில் பெயர் இருக்கிறது, இதயம் மட்டும் போடுவதில்லை. சாதிக்குக்குப் போட்டானா? இன்றைக்கு ரயிலில் சாதிக் போனை வாங்கி வேறு எதையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தேன், போட்டிருக்கிறான், ஒரே ஒரு தடவை, பிரியாணி படத்துக்கு. அது பிரியாணிக்கா சாதிக்குக்கா? என் பிறந்தநாளுக்கு 'வாழ்த்துகள் பரணி' என்று எழுதினான். பரணி! முன்பெல்லாம் 'நாசமாப் போ, நூறு வருசம் இருந்து நாசமாப் போ' என்று எழுதுவான். பரணி என்று மரியாதையாகக் கூப்பிட்டால் என்ன அர்த்தம்? ஒரு அர்த்தமும் இல்லாமல்கூட இருக்கலாம், அப்பா போன பிறகு மனுஷனுக்கு விளையாட்டு விட்டுப்போயிருக்கலாம். இப்படி ஒருத்தன் எழுதின இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தொங்குகிறேன், அவனைக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசினால் தீர்ந்தது. மடியில் கனம், வழியெல்லாம் பயம். கல்யாணப் பத்திரிகையைக் குழுவில் போட்டான். அன்றே எனக்கு ஒரு அழைப்பும் வந்தது, திரையில் அவன் பெயர், போன் கையில்தான் இருக்கிறது, அதிர அதிரப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பாம்பைப் பிடித்துக்கொண்டிருப்பவன் மாதிரி, நிற்கட்டும் நிற்கட்டும் என்று. நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து 'மீட்டிங்ல இருந்தேன் மச்சி, கண்டிப்பா வரேன்' என்று எழுதி மூன்று இதயம் போட்டேன். 'சரி வா' என்றான். அந்த சரி வா-வை வைத்து ஒரு வாரம் ஓட்டினேன்.

பதினொன்று. வரிசை இப்போது மேடைப் படிக்குப் பக்கத்தில் வளைகிறது. அந்த வளைவில் பெரிய படம் ஒன்றை முக்காலியில் வைத்துச் சின்ன விளக்குகள் சுற்றியிருக்கிறார்கள். தெய்வத்திரு தங்கப்பழம். கனியின் அப்பா. இவரா? கோட்டு போட்டிருக்கிறார். நீலக் கோட்டு, சிவப்பு டை. ஏதோ அட்டைக்கு எடுத்த படத்தில் தலையை மட்டும் எடுத்து ஸ்டூடியோக்காரன் கோட்டில் பொருத்தியிருக்கிறான். கழுத்து ஒட்டவே இல்லை. சைக்கிள் கடை வைத்திருந்தவர், சட்டையில் மேல் பொத்தானைக்கூடப் போடாதவர். யாரையோ விறைப்பாக முறைக்கிறார். என்னைத்தான் முறைக்கிறார். பக்கத்து நாற்காலியில் கனியின் அம்மா வருகிறவர்களையெல்லாம் 'சாப்பிட்டுட்டுத்தான் போகணும்' என்கிறார். அந்தப் படத்தின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தாக வேண்டும் என்று அவசரமாக முடித்த கல்யாணம் இது, சாதிக் சொன்னான். சொன்னான் என்றால், மதுரையில் மூன்று பேரும் ஒரே ரயில் ஏறி எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, குழுவில் எழுதினான். இரண்டு வருஷம் கழித்து நேரில் பார்க்கிறோம். 'எப்படிடா இருக்க?' 'இருக்கேன்டா.' 'அப்புறம்?' 'நீதான் சொல்லணும்.' முடிந்தது. ஒருத்தன் என்ன சாப்பிட்டான், எந்த செருப்பு வாங்கினான், எந்த மேனேஜரைத் திட்டினான் என்று எல்லாம் எல்லோருக்கும் தெரியும், புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். கோவில்பட்டி வரை மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்திருந்தோம், மூன்று பேர் நமாஸ் பண்ணுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் என்று சாதிக்கே குழுவில் எழுதினான். சிரித்தேன், வாய்விட்டுச் சிரிக்கவில்லை, மூஞ்சி போட்டேன். எரிச்சலாக இருக்கிறது. இவர்கள் மேல் எரிச்சல், என் மேல் எரிச்சல், பாக்கெட்டில் கிடந்து துடிக்கிற அந்தச் சனியன் மேல் எரிச்சல். ஒரு நாளைக்கு நூறு செய்தி போடுகிற நாலு பேரில் ஒருத்தனாவது ஒருத்தனிடம் அப்பா இல்லாமல் எப்படிடா இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறானா?

நான்கு பேர். என்ன சொல்வது? மன்னிச்சுக்கடா என்றால் எதற்கு என்று கேட்பான், பார்க்காமலே இருந்திருந்தால் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதாகும். ஒன்றும் சொல்லாமல் வாழ்த்துகள்டா என்றால், பார்த்திருந்தால், இவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்பான். முகத்தைப் பார்த்து முடிவு பண்ணலாம். முகத்தில் நீல டிக் வருமா என்ன. மேடையேறினோம். சாதிக் பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்தான், கட்டிப்பிடித்தார்கள், லோகு பெண்ணைப் பார்த்து அசட்டுத்தனமாகக் கும்பிட்டான். போட்டோக்காரர் எங்களைப் பிரித்து அடுக்கினார், என்னைக் கொண்டுபோய்க் கனியின் தோளோடு தோளாக ஒட்டினார், 'சார், சிரிங்க' என்றார். கனி சந்தனமும் வியர்வையுமாக மணந்தான். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல், என் காதோடு பேசினான்.

"ஏல பரணி. நீ எதுக்குல அத அழிச்ச?"

பாட்டுச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். விழுந்தது. "தெரியாம வந்துடுச்சுடா, விரல் பட்டு, சத்தியமா..."

"அனுப்புனத யாருல கேட்டா? அழிச்சத கேக்கேன்." இப்போதுதான் திரும்பினான். கண் சிவந்திருந்தது, தூக்கமில்லாத மாப்பிள்ளைக் கண். "வீடு பூரா அழுதுக்கிட்டு இருக்காவ. ஒரு மூலையில ஒக்காந்து போனைத் தொறந்தா அப்பா வாயப் பொளந்துகிட்டு தூங்குதாரு. சிரிச்சிட்டேம்ல. சித்தப்பா என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. மறுபடியும் பாப்போம்னு எடுத்தா, காணோம். சரி, போன் பண்ணுவான், பேசுவான்னு பாத்தேன்."

போட்டோக்காரர் கேமராவைப் பார்க்கச் சொன்னார், நான் கனியையே பார்த்தேன்.

"காரியத்தன்னைக்கு என் போன் தண்ணிக்குள்ள போயிட்டு. ஒண்ணும் திரும்பி வரல. வீட்ல இருக்கதெல்லாம் அந்தக் கோட்டுப் படந்தான். அம்மா அதப் பாக்கவே மாட்டேங்கா, இது யாரோங்கா. இவனுவகிட்ட கல்யாணத்துக்குச் சொல்லும்போது கேட்டேன், அழிச்சிட்டோம்னுட்டானுவ. ஒனக்கும் அதுக்குத்தான் போன் பண்ணேன். நீதான எடுத்த. ஒங்கிட்ட இருக்கும்லா?"

சாதிக்கையும் லோகுவையும் பார்த்தேன். இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செருப்பு வாங்கினதையெல்லாம் சொன்னவர்கள் இதை எனக்குச் சொல்லவில்லை. "இல்லடா கனி," என்றேன். "என்கிட்டயும் இல்ல. அன்னைக்கே அழிச்சிட்டேன். குப்பையிலிருந்தும்."

அவன் ம் என்றான். ம் மட்டும்தான். சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, கோட்டுப் படத்துக் கழுத்து மாதிரி, ஒட்டாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டோக்காரர் போதும் என்று கைகாட்டினார். அடுத்த குடும்பம் படியில் காலை வைத்துவிட்டது. சாதிக் இறங்கிவிட்டான். லோகு எனக்காக நின்றான். இறங்கினால் முடிந்தது. இறங்கிப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, மன்னிச்சுக்கோ மச்சி என்று எழுதி உடைந்த இதயம் ஒன்றைப் போடலாம். அவனும் கும்பிடுகிற கை போடுவான்.

"அந்தப் படத்துல ஃபேன் இருந்துச்சு," என்றேன்.

"எந்த ஃபேன்?"

"நம்ம ரூம் டேபிள் ஃபேன். லோகு வெட்டி எறிஞ்சிட்டான். முகம் மட்டும்தானே ஸ்டிக்கர்ல இருந்துச்சு, முழுப் படம் உனக்கு மறந்திருக்கும். உங்கப்பா மடியில ஃபேனை வச்சிருந்தார்டா. பெட்டியெல்லாம் இல்ல, வெறும் ஃபேன். பஸ்ஸுல வழி பூரா அப்படித்தான் வச்சிட்டு வந்திருப்பார் போல, வேட்டியில கம்பி அழுத்தின கறை இருந்துச்சு. ஒரு கை அது கழுத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கு. இன்னொரு கையில ஒயரை மூணு சுத்துச் சுத்தி, பிளக்கை உள்ளங்கைக்குள்ள பொத்தி வச்சிருந்தார். தூங்கும்போது எவனும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு."

படியில் நின்றவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். போட்டோக்காரர், "சார், அடுத்தவங்க வரணும், கொஞ்சம் இறங்குங்க," என்றார்.

"அண்ணே, செத்த நேரம் பொறுங்க," என்றான் கனி அவரிடம். என்னிடம், "சொல்லு," என்றான்.

"அப்புறம் முழிச்சிட்டார். கனிக்குப் போன் போடட்டுமா அங்கிள்னு கேட்டேன். வேண்டாம் தம்பி, அவன் எழுதி முடிக்கட்டும், நான் இருக்கேன்னார். ரெண்டு மணி நேரம் இருந்தார். நான் பக்கத்துல உக்காந்து போன் பாத்துட்டு இருந்தேன். என் செருப்பு வாரு பிஞ்சிருந்துச்சு, அதை வாங்கி வச்சுக்கிட்டு ஏதோ பண்ணிட்டே இருந்தார். அது அதுக்கப்புறம் பிய்யவே இல்லடா."

கனி முகத்தைத் துண்டால் ஒருமுறை துடைத்தான். வியர்வையைத் துடைப்பதுபோலத்தான் துடைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து பெண், சுபலட்சுமி என்று பத்திரிகையில் பார்த்தது, மாமனாரைக் கோட்டில் மட்டுமே பார்த்தவள், மாலையை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"எந்தக் கைண்ணே? ஒயரச் சுத்தியிருந்தது?"

"இடது கை," என்றேன். கனியின் இடது கையை எடுத்தேன். தங்கச் செயினையும் கங்கணக் கயிற்றையும் மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டைச் சுற்றி என் விரலால் ஒரு சுற்று, இரண்டு, மூன்று. பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி உள்ளங்கையை மூடினேன். அவன் அந்தக் கையைத் திறக்கவே இல்லை. "இன்னும் சொல்லுல," என்றான். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. லோகுவாகத்தான் இருக்கும், என்னடா பேசுறீங்க இவ்வளவு நேரம் என்று. ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறான், வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்கட்டும்.